பாலர்டில் சால்மன் ஏறும் காலம்

ஜூலை 8

சியாட்டில் நகரத்தின் வடமேற்குப் பகுதியான பாலர்டுக்கு இன்று காலை மருமானுடனும் அவன் குழந்தையுடனும் போயிருந்தேன். வாஷிங்டன் ஏரியையும் யூனியன் ஏரியையும் பியூஜெட் சவுண்ட் என்ற உள்வாங்கிய கடலோடு இணைக்கும் கப்பல் கால்வாய் இங்கேதான் முடிவடைகிறது. அது முடிவடையும் இடத்தில், நன்னீரையும் உப்புநீரையும் பிரித்து நிற்கும் ஓர் அணையும், கலங்களை ஏற்றி இறக்கும் இரண்டு லாக்குகளும், சமுத்திரத்திலிருந்து திரும்பி வரும் சால்மன் மீன்களுக்கென்று ஒரு மீன் ஏணியும் அமைந்திருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவினர் 1911-இல் வேலையைத் தொடங்கி, 1917 ஜூலை 4-ஆம் தேதி வெகு விமரிசையாகத் திறந்துவைத்த இந்த நிர்மாணத்துக்கு, இதற்காகப் பெருமுயற்சி செய்த ஹைரம் சிட்டெண்டன் என்ற ராணுவப் பொறியாளரின் பெயரை 1956-இல் சூட்டினார்கள்.

பெரிய லாக் 825 அடி நீளமும் 80 அடி அகலமும் உடையது. சிறியது 150 அடி நீளம். ஏரியின் மட்டம் கடல்மட்டத்தைவிட உயரம். எவ்வளவு உயரம் என்பது கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து 6 அடியிலிருந்து 26 அடி வரையில் மாறிக்கொண்டேயிருக்கும். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, அலாஸ்காப் பக்கத்திலிருந்து திரும்பிய மீன்பிடிக் கப்பல் ஒன்று உள்ளே நுழைந்தது. மேலே நின்ற ஊழியர் இட்ட கட்டளைக்கு இணங்க, கப்பலின் முனையில் நின்ற இளைஞன் தடித்த கயிற்றின் வளையத்தைக் கரையிலிருந்த இரும்புத் தூணில் மாட்டினான். பின்னால் கனத்த கதவுகள் சாத்திக்கொண்டன. சுவருக்குள் மறைந்திருக்கும் பெருங்குழாய்கள் வழியாக ஏரி நீர் தானாகவே தொட்டிக்குள் இறங்க, எந்த இயந்திரமும் நீரை இறைக்காமலே, அத்தனை பெரிய கப்பல் எங்கள் கால்மட்டத்துக்கு உயர்ந்து வந்தது. பூமியின் ஈர்ப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் இந்த வேலையைப் பார்த்து எனக்கு அலுக்கவேயில்லை. மருமான்தான் நேரமாகிறது என்று அழைத்துப் போனான்.

ஜூலை 10

அணையின் கலிங்கின் மேலுள்ள நடைபாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனால் மீன் ஏணி வருகிறது. ஒன்றைவிட ஒன்று சற்றே உயர்ந்து செல்லும் 21 கான்கிரீட் தடுப்புகள். அவற்றுக்கு இடையே குட்டைகள். ஒவ்வொரு குட்டையிலிருந்தும் அடுத்ததற்கு மீன் தடுப்பின்மேல் தாவியும் போகலாம், அடியிலுள்ள துளை வழியாக நீந்தியும் போகலாம். பெரும்பாலான மீன்கள் துளையையே நாடுகின்றன. 1917-இல் கட்டிய பழைய ஏணியில் பத்தே படிகள்தாம் இருந்தன. 1976-இல் அதை இடித்து இப்போதுள்ளதைக் கட்டினார்கள். சால்மனுக்கு வாசல் எங்கே என்று சொல்லத் தெரிந்தது நீரோட்டம் ஒன்றுதான். எதிர்த்து வரும் பிரவாகத்தை நோக்கியே அது நீந்தும். ஆகையால் ஏணியின் அடிவாயிலில் நன்னீர் வேகமாகவும் ஏராளமாகவும் வெளிப்படும்படி செய்வதில்தான் இந்த ஏணியின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தரைமட்டத்துக்குக் கீழே இருண்ட ஒரு கூடம் இருக்கிறது. அங்கே பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வழியாக ஏணியின் உட்புறத்தைப் பார்க்கலாம். பச்சை நிற நீர். நுரைக் குமிழிகள் இடைவிடாமல் இடப்புறமிருந்து வலப்புறம் ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்கு எதிர்முகமாக, ஏழெட்டு சாக்கை சால்மன்கள் வால்களை மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. நூல்களின் படங்களில் காணும் செந்நிற உடலும் பச்சைத் தலையும் இவற்றுக்கு இன்னும் வரவில்லை. அந்த நிறம் பல வாரங்களுக்குப் பின், முட்டையிடும் ஆற்றை அடையும் தறுவாயில் வருவது. இங்கே இவை வெள்ளியாகவே இருக்கின்றன. கண்ணாடிக்கு மிக அருகில் நின்ற ஒன்றின் விலாவில், முதுகுத்துடுப்புக்குச் சற்றுக் கீழே, இணையாக நான்கு கீறல்கள். செதில் பெயர்ந்து வெளிறிய சதை தெரிந்தது. கடல்நாயின் பல்லிலிருந்து தப்பி வந்ததாயிருக்கும் என்று அங்கே விளக்கம் சொல்லும் அம்மையார் கூறினார்.

குழந்தை என் கையைப் பிடித்து இழுத்து, “தாத்தா, அது ஏன் நின்னுக்கிட்டே இருக்கு? மேல போகத் தெரியலையா?” என்று கேட்டாள்.

“தெரியும், கண்ணு. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டுப் போகும்.”

சொல்லி முடிப்பதற்குள் அது உடலை ஒருமுறை வளைத்துத் துளைக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. கீறல்பட்ட மீனின் வேகத்தில் ஒரு குறையுமில்லை.

கூடத்திலிருந்த ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. ஆயினும், அந்த மீனின் உடலுக்குள் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த காரியம் படி ஏறுவதைவிட எத்தனையோ மடங்கு பெரிது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடலில் வாழும் காலத்தில் சால்மன் உப்புநீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியாக வெளியேற்றுகிறது; நன்னீருக்கு வந்ததும் குடிப்பதை நிறுத்தி, புகும் நீரை ஓயாமல் வெளியேற்றி, நீரில் அரிதாயுள்ள உப்பைச் செவுள்களாலேயே சேகரித்துக்கொள்ள வேண்டும். ஒரே உறுப்பு தன் தொழிலைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்வபாவமான ஒரு கழிமுகத்தில், உப்பு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும் நீர் மைல்கணக்கில் பரந்திருக்கும். மீன் தன் சௌகரியப்படி அதில் உலாவி உடலைப் பழக்கிக்கொள்ளும். பாலர்டில் அந்தக் கழிமுகம் கிடையாது. ஒரு சுவரின் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஏரி. இந்த மாறுதலை அவை எவ்வளவு குறுகிய இடத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது!

ஜூலை 15

நகர நூலகத்தில் பழைய வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாய் வெட்டுவதற்கு முன் வாஷிங்டன் ஏரியின் நீர் இந்த வழியாகக் கடலுக்குப் போகவேயில்லை. ஏரியின் தென்கோடியிலிருந்து பிளாக் ரிவர் என்ற சிற்றாறு புறப்பட்டு, சீடார் ஆற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, துவாமிஷ் ஆற்றில் கலந்து கடலை அடைந்தது. சால்மன்களும் அந்த வழியாகவே வந்தன. 1912-இல் சீடார் ஆற்றை ஏரிக்குள்ளேயே திருப்பிவிட்டார்கள். 1916-இல் கால்வாய் திறந்துகொண்டதும் ஏரியின் மட்டம் ஏறக்குறைய ஒன்பது அடி தாழ்ந்தது. பிளாக் ரிவரின் தலைவாசல் நீர்மட்டத்துக்கு மேலே நின்றுபோயிற்று. ஆறு அடியோடு வறண்டது. அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த துவாமிஷ் குடியினரில் ஒருவர் பின்னாளில் சொல்லிவைத்த வாக்குமூலத்தைப் படித்தேன். தோணிகள் காய்ந்த சேற்றில் உட்கார்ந்துவிட்டதையும், மிஞ்சிய குட்டைகளில் மீன்கள் துடித்ததையும், அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள் ஆரவாரத்தோடு வந்து அவற்றைச் சாக்குகளில் வாரிக்கொண்டு போனதையும் அவர் நினைவுகூர்கிறார்.

நேற்றுவரை அந்த மீன் ஏணியை மனிதன் மீனுக்குச் செய்த உபகாரம் என்று கருதுவோரோடு நானும் மனம் ஒத்திருக்கக்கூடும். இதைப் படித்தபின் அது இயலாது. ஓர் ஆற்றை அடைத்துவிட்டு, அதற்கு ஈடாகத் திறந்துவிட்ட வழி அது. உபகாரத்தை விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம். கடனை அப்படி நிறுத்த முடியாது. இந்தக் கடன் மீனுக்கு மட்டும் பட்டதுமல்ல. 1855-ஆம் ஆண்டு பாயின்ட் எலியட் உடன்படிக்கையில் தங்கள் நிலத்தைக் கொடுத்த பூர்விகக் குடிகளுக்கு, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமை உண்டென்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த எழுத்தைப் பல பத்தாண்டுகள் யாரும் மதிக்கவில்லை. 1974-இல்தான் ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதி, பிடிக்கத்தக்க மீன்களில் பாதி அக்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். மீன் இல்லாவிட்டால் அந்தப் பாதிக்கும் பொருளில்லை.

ஜூலை 23

நாலைந்து நாளாகக் கடுமையான வெயில். கூடத்தில் மீன்கள் சென்ற வாரத்தைவிடக் குறைவு. வழக்கமாக வரும் விளக்க அம்மையாரிடம் காரணம் கேட்டேன். சாக்கையின் உச்சமே ஜூலையில்தான் என்றும், ஆனால் இங்கே ஏறுகிற எண்ணிக்கை ஒன்று, சீடார் ஆற்றில் போய்ச் சேருகிற எண்ணிக்கை வேறொன்று என்றும் அவர் சொன்னார்.

அது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு கோடையிலும் ஜூன் மாதத்திலிருந்து மாநில மீன்துறையினரும் பூர்விகக் குடிகளின் ஊழியர்களும் இங்கே சாக்கைகளை எண்ணுகிறார்கள். ஏணியில் ஏறுபவற்றை மட்டுமல்ல, படகுகளோடு லாக் வழியாகவே நுழைந்துவிடுபவற்றையும் கணக்கிடுகிறார்கள். அதன் பிறகு அவை கப்பல் கால்வாயைக் கடக்க வேண்டும். ஆழமில்லாத, இருபுறமும் கட்டடங்கள் நெருங்கிய அந்தக் கால்வாயின் நீர் கோடையில் 20 பாகை செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. குளிர்நீருக்கென்று அமைந்த உடலுக்கு அது ஜுரத்துக்குச் சமானம்: நோய்க்கிருமிகள் பெருகுகின்றன, நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது, இரை உண்பதை நிறுத்திவிட்டுச் சேர்த்துவைத்த கொழுப்பிலேயே பிழைத்திருக்கும் மீன் அந்தச் சேமிப்பை அளவுக்கு மீறிச் செலவழிக்கிறது. படிகளை ஏறி ஜயித்த மீன்களில் பெரும்பகுதி முட்டையிடாமலே வழியில் மடிந்துபோகின்றன. ஏரியில் சாக்கை பிடிக்கப் பொதுமக்களுக்கு அனுமதி கொடுத்தது 2006-இல்தான் கடைசி. அதன்பின் அந்தக் கோடை மீன்பிடித் திருவிழா நடக்கவேயில்லை.

ஆகவே இந்த 21 படிகளும் அவற்றின் பிரயாணத்தில் கடினமான கட்டமே அல்ல. நாம் கண்ணாடியின் முன் நின்று பார்த்துப் பரவசப்படும் தடையை அவை சில மணி நேரத்தில் கடந்துவிடுகின்றன. நமக்குக் கண்ணுக்குப் புலனாகாத வெப்பமே அவற்றைக் கொல்கிறது. ஏணி கட்டிவிட்டதோடு கடமை முடிந்ததென்று இந்த நகரம் எண்ணுமானால் அது பெரிய அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்டு 26

சினூக் வந்துவிட்டது. சால்மன் ஜாதிகளில் இதுவே மிகப் பெரியது. சாக்கைக்குப் பக்கத்தில் நின்றால் தந்தையும் மகனும்போல் தெரிகிறது. பியூஜெட் சவுண்டின் சினூக்கை அருகிவரும் இனமாக 1999-இல் மத்திய அரசு அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

இவை ஏணியைக் கடந்ததும் ஏரிக்கு விரைவதில்லை. லாக் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்துவிடும் உப்புநீர், கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால், அணைக்கு மேற்புறத்தில் ஆழத்திலேயே தங்குகிறது. கால்வாய் வெப்பமாயிருக்கையில் சினூக்குகள் அந்தக் குளிர்ந்த பள்ளத்தில் நாள்கணக்கில் காத்திருக்கின்றன. ஏரியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி வடிகால் வைத்து வெளியேற்றப்படும் அதே உப்புநீர் இந்த மீன்களுக்கு நிழலாக உதவுகிறது.

அக்டோபர் 5

இஸக்குவா என்ற சிற்றூருக்குப் போய்வந்தோம். பாலர்டில் ஏறிய மீன்களில் ஒரு பகுதி, கால்வாய், வாஷிங்டன் ஏரி, சம்மாமிஷ் ஆறு, சம்மாமிஷ் ஏரி ஆகியவற்றை எல்லாம் கடந்து இந்த ஊரின் நடுவே ஓடும் ஓடைக்கு வந்து சேர்கிறது. 1936-இல் கட்டிய மீன் பொரிப்பகம் ஒன்று கரையில் இருக்கிறது. கோடையில் வெள்ளியாகப் பார்த்த உடல்கள் இப்போது கறுத்து, துடுப்புகள் நைந்து, ஆண்மீன்களின் தாடை கொக்கிபோல் வளைந்திருந்தன. ஒரு பெண் சினூக் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது; வாலின் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது.

இந்த ஓடையை நான் காண விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சால்மன் தன் ஜன்மஸ்தலத்தை எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு, விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1950-களின் தொடக்கத்தில் விடை தேடிய இடங்களில் இது ஒன்று. இஸக்குவா ஓடையும் அதன் கிழக்குக் கிளையும் ஊரருகே ஒன்றுகூடுகின்றன. அவர்கள் இரண்டு கிளைகளிலும் வந்து சேர்ந்த கோஹோ சால்மன்களைப் பிடித்து, ஒரு பாதியின் நாசித்துவாரங்களைப் பஞ்சால் அடைத்து, எல்லாவற்றையும் கூடுதுறைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். நாசி அடைபடாத மீன்களில் பெரும்பாலானவை முன்பு தேர்ந்த கிளைக்கே திரும்பின. அடைபட்டவை தடுமாறி, கண்ட கிளையில் நுழைந்தன. மண்ணும் பாறையும் தாவரமும் சேர்ந்து ஒவ்வோர் ஓடைக்கும் தருகிற கந்தத்தைக் குஞ்சுப் பருவத்திலேயே மனத்தில் வாங்கிக்கொண்டு, ஆண்டுகள் பல கடந்தும் அதை மறவாமல் வருகின்றன. இத்தனை பெரிய ஒரு காரியத்தைக் கண்டறிய ஒரு சிறு பஞ்சுத் துண்டு போதுமாயிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

நவம்பர் 12

பெரிய லாக்கில் தண்ணீர் இல்லை. ஆண்டுதோறும் இந்த மாதத்தில் அதை வற்றச்செய்து பழுது பார்க்கிறார்கள். பாசி படர்ந்த சுவர்கள் வெறுமையாக நிற்க, அடித்தளத்தில் ஊழியர்கள் விளக்குகளோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். நீர் நிரப்பும் பெருங்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டி எடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்தது. வசந்தத்தில், ஏப்ரலிலிருந்து ஜூன் வரையில், விரல் நீளமே உள்ள குஞ்சுகள் ஏரியிலிருந்து கடலுக்கு இறங்குகின்றன. லாக் நிரம்பும்போது அவற்றில் பல இந்தக் குழாய்களுக்குள் இழுக்கப்பட்டு, கொட்டலசின் கூர்முனைகளில் உரசிச் செதில் இழக்கின்றன. செதில் போன குஞ்சு உப்புநீரில் பிழைப்பது கடினம். ஆகையால் சுவரைச் சுத்தம் செய்கிறார்கள். அந்தப் பருவத்தில் நீரை மெதுவாக நிரப்புகிறார்கள். கலிங்கின்மேல் சறுக்குக் குழாய்கள் அமைத்துக் குஞ்சுகளை அந்த வழியாகக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

கண்ணாடிக் கூடத்தில் இன்று எவரும் இல்லை. சில கோஹோ மீன்கள் மட்டும் தாமதமாக ஏறிக்கொண்டிருந்தன. நான் அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படுகிறேன். சறுக்குக் குழாய்களில் நீர் திறந்துவிடும் நாளை விசாரித்து, குழந்தையை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து, அவள் கையாலேயே எனக்கு ஒரு கடிதம் எழுதச் செய்ய வேண்டுமென்று மருமானிடம் சொல்லியிருக்கிறேன்.