பயணத்திற் பிடித்த படங்கள்

நெடும்பயணம் புறப்படும் நம் பெண்கள் பணம் முழுவதையும் ஓரிடத்தில் வைப்பதில்லை. கைப்பையிற் சிறிது, பெட்டியின் அடியிற் சிறிது, சேலைத் தலைப்பின் முடிச்சிற் சிறிது என்று பிரித்து வைப்பது அவர்கள் வழக்கம். ஒன்று களவு போயினும் மற்றையதைக் கொண்டு வீடு வந்து சேரலாம் என்னும் முன்யோசனையே அதற்குக் காரணம். பணத்துக்கு இத்துணைக் காவல் செய்வோரும், பயணத்திற் பிடித்த படங்களை மாத்திரம் ஒரேயொரு கைத்தொலைபேசியை நம்பி விட்டுவிடுகின்றனர். போன பணத்தை உழைத்துத் தேடலாம். போன படத்தை எங்கே தேடுவது?

படத்தின் அருமையை எமது குடும்பம் பட்டறிந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசல் துறந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எமது தாயாரும் நடந்தார். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், மாற்றுச் சேலை இரண்டு ஆகியவற்றையே அவரால் எடுத்துச் செல்ல முடிந்தது. அல்பங்கள் பாரமானவை ஆதலால் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அல்பங்களும் இல்லை, அலுமாரியும் இல்லை. இன்று எமது சுவரில் இருக்கும் தந்தையாரின் படம் ஒன்று மட்டும் தப்பியது. அதன் பிரதியொன்று முன்னரே கொழும்பிலிருந்த சிறிய தாயாருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தது. பூட்டி வைத்தது போயிற்று. கொடுத்து வைத்தது எஞ்சிற்று.

சென்ற ஆனி மாதம் அதே தாயாரை அழைத்துக்கொண்டு திருக்கோணேஸ்வரம், கதிர்காமம், நுவரெலியா ஆகிய இடங்களுக்குப் பத்து நாட் பயணம் மேற்கொண்டோம். அவருக்கு வயது 82. இன்னொரு முறை இத்தகைய பயணத்துக்கு அவருடைய முழங்கால்கள் இடங்கொடா என்பதை நாம் அனைவரும் அறிந்திருந்தோம். எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆதலால் புறப்படுமுன்னரே ஓர் ஒழுங்கைச் செய்துகொண்டோம்: அன்றன்று பிடித்த படங்களை அன்றிரவே பிரதி செய்யாமல் ஒருவரும் உறங்கப் போவதில்லை.

படங்காப்போர் கைக்கொள்ளும் விதியொன்று உண்டு. பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பரவச் செய்த அதனை 3-2-1 என்பர். பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. எமது முதற்பிரதி கைத்தொலைபேசியிலும் கமராவின் நினைவக அட்டையிலும் இருந்தது. இரண்டாவது, விரலளவான ஒரு பென்டிரைவில் ஏறி, தாயாரின் கைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு பயணஞ் செய்தது. மூன்றாவது, விடுதியில் வைஃபை வசதி கிடைத்த இரவுகளில் இணையச் சேமிப்பகத்துக்குச் சென்றது. கமராப் பையிலேயே பென்டிரைவையும் வைப்பதிற் பயனில்லை. ஒரே பையிலுள்ள இரண்டு பிரதிகள் ஒரு பிரதியேயாம். பை போனால் இரண்டும் போய்விடும்.

கைத்தொலைபேசிப் படமொன்று ஏறக்குறைய மூன்று மெகாபைட் எனக் கொண்டால், முந்நூறு படங்கள் ஒரு கிகாபைட்டை அண்மிக்கும். மலைநாட்டு விடுதியின் மெல்லிய இணைப்பில் அஃது ஓரிரவு வேலை. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகப் படங்களை ஏற்ற காலம் 2021ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதியோடு முடிந்தது. இப்பொழுது இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட்டை மின்னஞ்சலும் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே எஞ்சியுள்ள இடத்தைப் பயணத்துக்கு முன்னரே பார்த்துக்கொள்வது நன்று.

நாலாம் நாள் நிலாவெளியில் இவ்வொழுங்கு சோதிக்கப்பட்டது. முழங்கால் அளவு நீரில் அப்பம்மாவின் கையைப் பிடித்து நின்ற எமது மூத்த மகனின் கைத்தொலைபேசியை எதிர்பாராது எழுந்த அலையொன்று பறித்துச் சென்றது. முதல் மூன்று நாட் படங்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. அவை பென்டிரைவில் இருந்தன. அன்று காலைப் படங்கள் முப்பதளவில் கடலோடு போயின. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தாயார் சிறுபிள்ளைபோற் சிரித்த படமும் அவற்றுள் ஒன்று. வாடி நின்ற பேரனை அவர் தேற்றினார்: “கடலை நான் கண்டிட்டன்தானே ராசா. அதை அலை கொண்டுபோகேலாது.”

அவர் சொன்னது மெய்யே. ஆயினும், அவர் கண்டதை அவருக்குப் பின் நாம் காண்பதற்கு வழியில்லையே! அன்று முதல் மதிய உணவு வேளையிலும் பிரதி செய்யத் தொடங்கினோம்.

அன்று மாலை மற்றொரு பாடமும் கிடைத்தது. இணையச் சேமிப்பகத்தை மகன் வேறொரு கைத்தொலைபேசியிலே திறக்க முயன்றபோது, அடையாளம் உறுதிசெய்யும் குறியீடு கடலுக்குட் கிடந்த கைத்தொலைபேசிக்கே அனுப்பப்பட்டது! இத்தகைய வேளைக்கென வழங்கப்படும் மாற்றுக் குறியீடுகளை மகள் முன்னரே கொப்பியொன்றில் எழுதி வைத்திருந்தமையால் கதவு திறந்தது. எவ்வளவு நவீன பூட்டாயினும் அதன் மறுதிறப்பைக் கடதாசியில் எழுதி வைப்பது நலம்.

இன்னுஞ் சில எச்சரிக்கைகளும் உண்டு. பிரதி செய்ததும், படங்களின் தொகையை ஒப்பிட்டு, இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். வீடு சேரும்வரை நினைவக அட்டையை வெறுமையாக்காது, மேலதிக அட்டையொன்றைக் கொண்டுசெல்வது சிறந்தது. தவறுதலாக அழிக்கப்பட்ட படம் உடனே மறைவதில்லை; புதிய படம் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை பெரும்பாலும் அட்டையிலேயே கிடக்கும். ஆதலால் அவ்வட்டையில் மேலும் படம் பிடியாது நிறுத்தினால் மீட்பதற்கு வாய்ப்புண்டு. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பும் படம் சுருங்கியே சென்றடைகிறது. அதனை முழுப் பிரதியாகக் கொள்ளலாகாது. இணையச் சேமிப்பகம் கைத்தொலைபேசியோடு ஒத்தியங்குமாயின், இங்கு அழிப்பது அங்கும் அழியும் என்பதையும் மறத்தலாகாது.

ஊர் திரும்பியதும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்களிலிருந்து நாற்பதைத் தெரிந்து கடதாசியில் அச்சிட்டோம். ஒரு தொகுதி தாயாரின் கட்டிலருகே உள்ளது. மற்றொன்று கொழும்பிலுள்ள சிறிய தாயாரின் மகளிடமும், இன்னொன்று ரொறன்ரோவில் வாழும் தம்பியிடமும் சென்றுள்ளன. போரினாலும் பிழைப்பினாலும் நம் உறவினர் பல தேசங்களிற் பிரிந்து வாழ்வது துயரமே. எனினும், நம் படங்களைக் காப்பதற்கு அத்தனை வீடுகள் உள்ளன என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். கிறகறி வாவிக் கரையில் கம்பளிச் சால்வையோடு அமர்ந்திருக்கும் தாயார் இன்று மூன்று நகரங்களில் இருக்கிறார். இனி எந்த அலை வந்தாலும் அவரை முழுவதாகக் கொண்டுபோக இயலாது.