ஒலிநாடாவின் மிச்சம்

பிலிமத்தலாவையிலே, பித்தளைக் குத்துவிளக்குகள் மினுங்கும் கடைகளுக்குப் பின்னாலுள்ள என் நண்பர் வீட்டில், இறப்பர் விசைகள் பதித்த கரிய பெட்டியொன்று இருக்கின்றது. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் கணனி அது. நம் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியதும் அவ்வாண்டு பெப்ரவரியிலேதான். இக்கணனிக்குத் திரை, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. ஏடு, சாதாரண ஒலிநாடா.

நிரலை அது ஒலியாக்கி நாடாவில் எழுதும். 48 கிலோபைற்று நினைவகத்தை நிரப்ப நான்கு நிமிடத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு நேரமும் காதைத் துளைக்கும் இரைச்சல். பழங்கணனி ஆர்வலர் சிலர் அதனைச் சங்கீதம் என்பர். நான் அவ்வாறு சொல்லேன்.

சென்ற ஆண்டு, உலர்ந்து வெடித்திருந்த விசைத்தகட்டை மாற்றிவிட்டுப் பழைய நாடாவொன்றைச் சுழலவிட்டோம். இரைச்சல் சட்டென நின்றது. பின், ஒரு பெண்குரல், தாலாட்டின் கடைசியடி.

நண்பர் எழுந்துவிட்டார். பன்னிரண்டு வயதிலே, வெற்று நாடா வாங்கக் காசின்றி, தாயாரின் பாட்டின்மேல் தாம் எழுதிய விளையாட்டை அவரே பதிந்திருந்தார். தாயார் இன்றில்லை.

புதியதைப் பதியுமுன் பழையதை அழிப்பதற்கென்றே ஒலிப்பதிவுக் கருவியில் தனியாக ஒரு தலை உண்டு. பொறியியல் கற்ற அவருக்கு இது தெரியாததன்று. ஆயினும் மறுபக்கத்தையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதிலும் இரைச்சலே.

விளையாட்டு மட்டும் பழுதின்றி ஏறியது. திரையில் அவர் பெயர் வந்து நின்றது.

“ஆடுவோமா?” என்றேன்.

“இன்றைக்கு வேண்டாம்” என்றார். எஞ்சிய ஏழு விநாடியை மூன்று இடங்களில் பிரதிசெய்து வைத்திருக்கின்றார்.