கோப்பில் அந்தப் பெயரை எழுதாதே

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூர்நோக்கு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்ததுமே, ஒருவனைக் குத்திவிட்டு வந்த இப்படி ஒரு பையன் உன் பொறுப்பில் வந்திருக்கிறான். குத்துப்பட்டவனின் அம்மா அழுததை நீ சொல்லச் சொல்ல, அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டானாம். "இவன் சைக்கோபாத், நேரத்தை வீணாக்காதே" என்று அங்குள்ள மூத்தவர் ஒருவர் சொன்னாராம். அந்தச் சொல்லை அவன் கோப்பில் எழுதிவிடாதே, கண்ணு. எழுதினால் அவன் போகிற இடமெல்லாம் அது கூடவே போகும்.

கடைசியில் போகிற போக்கில் நீயே ஒன்று எழுதியிருக்கிறாய். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அவனுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. இரவில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் படுக்கிறான். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. 1993-இல் கிறிஸ்டோபர் பேட்ரிக் குழுவினர் குற்றவாளிகளுக்குக் கோரமான படங்களைக் காட்டி, நடுவே திடீரென்று சத்தம் எழுப்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்துச் சத்தத்துக்கு மற்றவர்களின் கண் இன்னும் பலமாக வெட்டியது. சைக்கோபாத் குணம் மிகுந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை; அந்த அச்சம் அவர்களிடம் மந்தம். உன் பையனோ சத்தம் கேட்டாலே நடுங்குகிறான். இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்று தெரிகிறதே.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் இந்தக் கல்மனதில் இரண்டு வகை உண்டென்று அமெரிக்க மனநல மருத்துவர் பெஞ்சமின் கார்ப்மன் 1941-லேயே பிரித்துக் காட்டினார். இயல்பிலேயே மனசாட்சி உறுத்தாதவர்கள் ஒரு வகை. உள்ளே வேறு காயங்கள் இருந்து, அவற்றின் விளைவாக அப்படி நடப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகளிடம் பதற்றமும் பட்ட அடிகளும் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. மரத்துப்போனால்தான் அவர்களால் அந்த வீட்டில் பிழைத்திருக்க முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

லண்டனில் ஜான் பௌல்பி, திருட்டில் மாட்டிய 44 பிள்ளைகளை ஆராய்ந்து 1944-இல் எழுதினார். அவர்களில் 14 பேர் யாரிடமும் ஒட்டாத, பாசமற்ற பிள்ளைகள். அந்த 14 பேரில் 12 பேர் சின்னஞ்சிறு வயதில் தாயை விட்டு நெடுநாள் பிரிந்திருந்தவர்கள்.

மிச்சம் 2 பேரையும் மறந்துவிடாதே. பிரிட்டனில் 7 வயது இரட்டையரை வைத்து எஸ்ஸி வைடிங் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஈரமற்ற குணத்தில் பரம்பரையின் பங்கு பெரிதாகவே இருந்தது. அதனால் பையனைப் பார்க்க அவன் அம்மா வரும்போது, "என்ன செய்து வளர்த்தீர்கள்?" என்கிற தொனி உன் குரலில் வரவே கூடாது. அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரையும் குத்தப் போவதில்லை. நல்ல வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை பிறக்கலாம்.

ஐந்து வயது வரை அவனை யார் வளர்த்தார்கள், அடிக்கிறவர் யாராவது வீட்டில் இருந்தார்களா, இரவில் எப்படித் தூங்குகிறான், இதையெல்லாம் மெதுவாகக் கேள். ஒரே நாளில் கேட்காதே. அவன் காயத்தை நீயே கிளறினதாகிவிடும். கோப்பில் நீ கண்ணால் கண்டதை மட்டும் எழுது: பொத்தானைத் திருகியதையும் எழுது, கதவுச் சத்தத்துக்கு நடுங்கியதையும் எழுது. அந்தச் சொல்லுக்கு நெருக்கமான சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைக்கூட 18 வயது ஆகாதவனுக்கு வைப்பதை மனநல மருத்துவமே அனுமதிப்பதில்லை. அந்த மூத்தவர் மறுபடி அப்படிச் சொன்னால் தயங்காமல் இதைச் சொல்.

அவனைப் பார்க்க இதுவரை யாரெல்லாம் வந்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அத்தை