நல்ல தரகரும் வேண்டும்

லண்டன் பிரிட்ஜிலிருந்து கிழக்கே போகும் ரயில் பாதை செங்கல் வளைவுகளின் மேல் ஓடுகிறது. பெர்மண்ட்சிப் பக்கம் அந்த வளைவுகளுக்குள் ஒர்க் ஷாப், பீர் காய்ச்சும் கூடம் என்று எல்லாம் உண்டு. சீஸ் கிடங்கும் உண்டு. அதை வைத்திருக்கும் நீல்ஸ் யார்ட் டெய்ரி, 1979இல் கோவென்ட் கார்டனில் சிறு கடையாகத் தொடங்கியது. பிரிட்டிஷ், ஐரிஷ் பண்ணைகளின் சீஸை வாங்கி, பக்குவம் பார்த்து விற்கிறார்கள். எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிப் போனேன்.

உள்ளே ஈரச் சுவர் வாசனை, கூடவே லேசான அம்மோனியா நெடி. மரப்பலகைகளில் வரிசையாகச் சீஸ் வட்டுகள். தலைவலை போட்ட பெண் ஒருவர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போகிறார். புரட்டாவிட்டால் ஈரம் ஒரு பக்கமாக இறங்கிவிடும். பன்றிக்கொழுப்பு தடவித் துணி சுற்றிய செடார் வட்டு ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. “முதுகுதான் முதலில் போகும்” என்று சிரித்தார்.

பிறகு சீஸ் அயர்ன் என்கிற குழல் கத்தியை வட்டுக்குள் குத்தித் திருகி இழுத்தார். விரல் பருமனில் ஒரு துண்டு வந்தது. முகர்ந்தார், நசுக்கினார், நுனியைக் கிள்ளி வாயில் போட்டார். மிச்சத்தைத் துளையில் செருகி, மேலே தேய்த்து மூடிவிட்டார். நம் ஊர் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நெல் பார்ப்பார்களே, அதே கைவேலை.

ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பால். 1933இல் வந்த பால் விற்பனை வாரியம் இங்கிலாந்து, வேல்ஸ் பாலையெல்லாம் வாங்கி விற்றது. பண்ணைக்காரருக்கு விலை நிச்சயம். பாலுக்குத்தான் ஊர், பேர் இல்லாமல் போயிற்று. போர்க்காலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘அரசாங்கச் செடார்’. 1954இல் ரேஷன் முடிந்தபோது, பண்ணையில் சீஸ் செய்தவர்களில் பெரும்பாலோர் கைவிட்டிருந்தார்கள். 1994இல் வாரியமும் போனது.

விலை நிச்சயம் போனபின், நூறு மாடு வைத்திருப்பவர் பாடு இரண்டுங்கெட்டான். ஆயிரம் மாட்டுப் பண்ணையோடு விலையில் மோத முடியாது. சந்தையில் தானே நின்று விற்றுத் தீர்க்கவும் முடியாது. பாலைச் சீஸாக்கலாம் என்றால், நல்ல செடார் ஒரு வருஷமாவது பலகையில் கிடக்க வேண்டும். மாடு அதுவரை தீனி கேட்காமலா இருக்கும்?

நடுவில் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். இடைத்தரகரே கூடாது என்ற பேச்சு அதனால்தான் எனக்கு அரைகுறையாகப் படுகிறது. ஒரு சம்பவம்: 2024இல், பெரிய வியாபாரி போல் நடித்த ஆசாமிகள் நீல்ஸ் யார்ட் டெய்ரியிடமிருந்து 22 டன் செடாரை ஏமாற்றி வாங்கிப் போனார்கள். மதிப்பு சுமார் 3 லட்சம் பவுண்ட். வேல்ஸின் ஹாவொட், சாமர்செட்டின் வெஸ்ட்கோம்ப், பிட்ச்ஃபோர்க் என்ற மூன்று சீஸ்களும் அதில் போயின. நஷ்டத்தைக் கடையே தாங்கிக்கொண்டு, செய்தவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்தது. நமக்கும் இப்படி ஒரு தரகர் கிடைத்தால் தேவலை.

விலைதான் இடிக்கிறது. சூப்பர்மார்க்கெட் செடாரைவிடப் பல மடங்கு. ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் இந்தச் சீஸை நான் பார்த்ததில்லை. அந்த விலை கொடுக்கக்கூடிய கூட்டம் லண்டனின் வேறு பேட்டைகளில் இருக்கிறது; சாமர்செட் மாடுகளுக்கு இப்போதைக்கு அவர்கள்தான் தீனி போடுகிறார்கள்.