சும்மா கிடக்கும் நிலம்

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன விளையும்?" நஞ்சையா, புஞ்சையா, தோட்டக்காலா என்று விசாரிப்பார்கள். மூன்றிலும் சேராததைப் புறம்போக்கு என்று தள்ளிவிடுவார்கள். கேள்வியில் குற்றமில்லை. சோறு போடுகிற நிலத்தைத்தானே மனிதன் கொண்டாடுவான்? ஆனால் எதையும் விளைவிக்காமல், சும்மா கிடப்பதையே ஒரு பெரிய உத்தியோகமாகச் செய்துவரும் நிலம் ஒன்று இருக்கிறது. நீலகிரிக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். யாரும் அதைப் படம் பிடிப்பதில்லை.

எனக்கு அதைக் காட்டியவர் உதகமண்டலத்தில் இருக்கும் நண்பர். தாவர சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் போதிப்பதை நிறுத்தாதவர். குன்றுகளின் சரிவில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, இரண்டும் இறங்கிச் சேரும் பள்ளத்தில் கோரையும் பாசியும் மண்டிய சதுப்பு. அதில் கால் வைத்ததும் பூமி லேசாக அமுங்கியது. இலவம்பஞ்சு மெத்தையில் நடப்பது போல இருந்தது. நண்பர் குனிந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, நனைந்த காப்பிப் பொடி மாதிரி இருந்தது. பிழிந்தால் பழுப்பு நீர் வடிந்தது. உள்ளே மெல்லிய நார்கள். ஒரு காலத்தில் புல்லாக இருந்தவை.

"இது மண் இல்லை, சார். மக்காமல் நின்றுபோன செடி. பீட் என்பார்கள். நிலக்கரி ஆவதற்குக் கிளம்பி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது" என்றார்.

மாவடு போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகப் பாடுபட வேண்டாம். ஜாடியில் உப்புநீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் வடு ஒரு வருஷம் தாண்டியும் கெடாது. நீருக்கு மேலே தலை நீட்டும் வடுவில்தான் முதலில் பூசணம் பூக்கும். காற்றுப் படக்கூடாது என்பதுதான் சூட்சுமம். சதுப்பிலும் அதே கதைதான். அங்கே உப்புக்குப் பதில் புளிப்பும் குளிரும்.

செடி வளரும்போது காற்றிலிருந்து கரியை, விஞ்ஞானிகள் கார்பன் என்று சொல்வதை, எடுத்துத் தன் உடம்பாக்கிக் கொள்கிறது. சாதாரண நிலத்தில் அது செத்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று தீர்த்து, அந்தக் கரியை மூச்சாகக் காற்றுக்கே திருப்பி விடுகின்றன. வாங்கிய கடன் அடைந்துவிடுகிறது. சதுப்பிலோ தண்ணீர் காற்றை உள்ளே விடுவதில்லை. கிருமிகள் சாப்பாட்டின் நடுவே கை ஓய்ந்து போகின்றன. அடுத்த வருஷத்துப் புல் அதன்மேல் விழுகிறது. இப்படியே ஆயிரம் ஆயிரம் வருஷங்கள்.

எத்தனை ஆயிரம்? யானைகளை ஆராய்ந்து பேர் பெற்ற ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரியின் சதுப்புக்களை அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்து, அவற்றிலிருக்கும் கரியைச் சோதித்து, 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் கரியை ஒரு விதமாக எடுத்துக்கொள்கின்றன. வறட்சி தாங்கும் புற்கள் வேறு விதமாக. அந்த வித்தியாசம் செத்த பிறகும் அழிவதில்லை. அதை வைத்துக் கடந்த 20,000 வருஷங்களின் மழைக்கணக்கை வாசித்துவிட்டார்கள். பனியுகம் உச்சத்தில் இருந்தபோது மலை வறண்டு கிடந்தது. பிறகு நல்ல மழைக்காலம். சுமார் 5,000 வருஷங்களுக்கு முன் மறுபடி வறட்சி. 1997-ல் வந்த தொடர் ஆய்வு அந்தக் கணக்கை 40,000 வருஷம் வரை நீட்டியது.

நாற்பதாயிரம்! நம்முடைய சங்ககாலம் அந்த ஏட்டுக் கட்டில் மேலாக இருக்கும் சில ஓலைகள்தான். ஓலைச்சுவடியில் எழுத்து வேறு, ஓலை வேறு. ஓலை செல்லரித்தாலும் யாராவது பிரதி எடுத்து எழுத்தைக் காப்பாற்றலாம். சதுப்பிலோ ஓலையே எழுத்து. மழையை நினைவில் வைத்திருப்பதும் அந்தக் கரிதான். காற்றில் கலக்காமல் அடைந்து கிடப்பதும் அந்தக் கரிதான். ஒன்று போனால் இரண்டும் போயிற்று.

உலகத்து நிலப்பரப்பில் இத்தகைய பீட் நிலம் சுமார் 3 சதவீதம். பூமியிலுள்ள காட்டு மரங்கள் அத்தனையும் சேர்ந்து சுமக்கும் கரியைவிட இந்த மூன்று சதவீதத்தில் புதைந்திருப்பது அதிகம். காங்கோ ஆற்றுப் படுகையின் நடுவே நம் தமிழ்நாட்டைவிடப் பெரிய பீட் நிலம் ஒன்று இருப்பதை 2017-ல்தான் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அதில் மட்டும் 3,000 கோடி டன் கரி. சதுப்பு பரம சாது என்றும் சொல்லிவிட முடியாது. மீதேன் என்ற வாயுவை அது விட்டுக்கொண்டே இருக்கிறது. அதுவும் பூமியைச் சூடாக்குவதுதான். ஆனாலும் நீண்ட காலக் கணக்கில் வரவே மிஞ்சுகிறது. தண்ணீர் இருக்கும் வரையில்.

தண்ணீரை வடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி நிற்கிறது. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஹோம் பென் என்ற சதுப்பில், பக்கத்து ஏரியை வடித்த 1851-ல், ஓர் இரும்புத் தூணை அதன் தலை தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே தெரிகிறது. தூண் வளரவில்லை. பூமிதான் இறங்கிவிட்டது. ஈரம் போய்ச் சுருங்கியது பாதி. கிருமிகள் விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தது மீதி.

இந்தோனேஷியாவில் நடந்தது இன்னும் பரிதாபம். 1990-களின் நடுவில் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயல் ஆக்குவதென்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் சரிவர விளையவில்லை. 1997-ல் வறட்சி வந்தபோது காய்ந்த பீட் பூமிக்கு அடியிலேயே புகைந்து எரிந்தது. புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது. 2016-ல், கால்வாய்களை அடைத்துப் பழையபடி தண்ணீர் தேக்குவதற்கென்று அந்த அரசே ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியது. வெட்டியதற்கும் செலவு, அடைப்பதற்கும் செலவு.

நம் மலையில் அத்தனை பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை. இங்கே எல்லாம் சில்லறையாக நடக்கிறது. ஒரு பள்ளத்தில் சீகை மரம் ஏறிவிட்டது. இன்னொன்று அணைக்குள் போயிற்று. வேறொன்றில் காரட் விளைகிறது. நாங்கள் பார்த்த சதுப்பின் மறு கரையில் ஒருவர் மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தார். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்து குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாய்க்கால் நேராக ஓடியது. நண்பர் தம் பாடத்தை அவரிடமும் ஆரம்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா காரட்டுக்கு இன்னிக்கே காசு வருதுங்க. இது சும்மா கிடந்தா அதுக்கு யாருங்க கூலி கொடுப்பாங்க?"

நண்பர் பதில் சொல்லவில்லை. எனக்கும் சட்டென்று பதில் தோன்றவில்லை. குத்தகைப் பணமும் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்ட வேண்டிய ஒரு மனிதரிடம் நாற்பதாயிரம் வருஷத்தைக் காட்டி உபதேசம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. அவர் கேட்டது குதர்க்கமும் அல்ல, நியாயமான கூலிக் கேள்வி.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அதை யோசித்துப் பார்த்தேன். கோயில் நகையைக் காவல் காப்பவன் எதையும் உற்பத்தி செய்வதில்லை; அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். நெருப்பணைக்கும் வண்டி முக்கால்வாசி நாள் கொட்டகையில்தான் நிற்கிறது. அதை விற்றுவிடு என்று யாரும் சொல்வதில்லை. அந்த வாய்க்காலின் குறுக்கே நாலு இடத்தில் மண்ணும் பலகையும் வைத்து அடைத்தால் தண்ணீர் ஏறும், மிச்சமிருப்பது நிற்கும். போனது நம் ஆயுளில் வராது. அடைக்கிற செலவு சொற்பம். காரட் போகிற நஷ்டம்தான் பெரிசு. அதை அந்தக் குத்தகைக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். அவர் காக்கும் கரி அவருடைய வயலுக்கு மட்டும் நிழல் தருவதில்லை. பவானித் தண்ணீரை நம்பிக் கீழே நெல்லும் மஞ்சளும் போடுகிறவர்களுக்கும், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கும், எழுதும் எனக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே கூலி யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொடுக்க மனசு வருமா என்பதுதான் பாக்கி. அதற்குள் அந்த வாய்க்கால் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.