கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

கங்கைகொண்டானில் எங்கள் வீட்டிலிருப்பது விண்டோஸ் கணிப்பொறி. பெரியப்பா மகன் அண்ணனுக்கு அரசு தந்த மடிக்கணினியிலோ ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்டது; தமிழிலேயே பேசும்! அண்ணன் வேலைக்குச் சென்றபோது அதுவும் போயிற்று. சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் தவித்தோம்.

வன்தட்டைப் பிரித்துப் பாஸை நிறுவலாமா? தவறினால் அப்பாவின் கடைக்கணக்கு முழுதும் அழியுமே! ஆகவே விர்ச்சுவல்பாக்ஸை நாடினோம். அது கணிப்பொறிக்குள் பொய்யாக இன்னொரு கணிப்பொறியை உண்டாக்கும். பாஸ் அதை மெய்யென்றே நம்பும். இருந்த 4 ஜிபி நினைவகத்தில் 3 ஜிபியைத் தாராளமாக அதற்கு அளித்தோம். விண்டோஸே உறைந்துவிட்டது! நடுங்கியபடி பொத்தானை அழுத்தி அணைத்தோம். மறுமுறை 1 ஜிபி மட்டும். ஆமை வேகந்தான், ஆயினும் திரையில் தமிழ் வந்தது. கணக்கும் பத்திரம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.