நான்காவது ஆள்

பாதல் சர்க்காரைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர் ஒரு சிவில் இன்ஜினியர் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நாடகத்துக்குப் போய்விடுவார்கள். என்னால் அந்த வரியை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடிவதில்லை. 1925இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஷிப்பூரில் பொறியியல் படித்தார். நகரத் திட்டமிடல் வல்லுநராக இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நைஜீரியாவிலும் வேலை பார்த்தார். பெயர் வாங்கித் தந்த நாடகங்களை எழுதிய காலத்தில் அவர் மாதச் சம்பளக்காரர்.

1963இல் எழுதிய ‘ஏவம் இந்திரஜித்’தில் ஓர் எழுத்தாளர் வருகிறார். நாடகம் எழுதப் பாத்திரங்கள் கிடைக்காமல், அரங்குக்குத் தாமதமாக வந்த நான்கு பேரை மேடைக்குக் கூப்பிடுகிறார். அமல், விமல், கமல் என்று மூவர் பெயர் சொல்கிறார்கள். நான்காவது ஆள் ‘நிர்மல்’ என்கிறார். எழுத்தாளர் நம்பவில்லை. துருவிக் கேட்டபின்தான் உண்மைப் பெயர் வருகிறது: இந்திரஜித். ஏன் மறைத்தாய் என்றால், பயம் என்கிறான். வழக்கத்திலிருந்து விலகினால் வரும் பயம். “இந்த ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் ரெண்டு ரிசோர்ஸ் வேணும்” என்று மீட்டிங்கில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அமலும் விமலும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

அந்த நாடகம் பல மொழிகளுக்குப் போனது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கிரிஷ் கர்னாட். வேறொருவராக இருந்தால் அதே பாணியில் இன்னும் பத்து நாடகம் எழுதியிருப்பார். சர்க்கார் 1967இல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கினார். 1970களில் மேடையையே விட்டு இறங்கினார்.

அவர் இறங்கிய விதத்தில் ஒரு இன்ஜினியர் இருக்கிறார். திரை எதற்கு? செட் எதற்கு? விளக்கு எதற்கு? ஒவ்வொன்றுக்கும் செலவு. செலவு வந்தால் டிக்கெட் வரும். எதிரே யார் உட்காருவது என்பதை டிக்கெட் முடிவு செய்யும். ஆகவே ஒவ்வொன்றாகக் கழட்டினார். கடைசியில் நடிகரின் உடலும் பார்வையாளரும் மிஞ்சினார்கள். இதை மூன்றாம் அரங்கு என்றார். கோட் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், சேர்ப்பது சுலபம், ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பதுதான் கஷ்டம். ‘மிச்சில்’ நாடகத்தில் ஊர்வலம் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே போகும். ‘போமா’வில் சுந்தரவனத்து உழைப்பாளிகளின் பசி, நகரத்துக்காரர்களின் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். நாடகம் முடிந்ததும் துணி விரிப்பார்கள். விருப்பமிருந்தால் காசு போடலாம்.

1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகக்காரர்களிடம் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது. முழுநேரமாக நாடகத்தில் இருக்கும் நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் ஒருமுறை உற்சாகமாகச் சொன்னேன். அவன் அசரவில்லை. “டேய், ஃப்ரீயா நடிக்கிறதுக்கு எங்கேர்ந்தாவது சம்பளம் வரணும். உனக்கு வருது. எனக்கு?” என்றான்.

நியாயமான கேள்வி. நடிப்பை மட்டுமே நம்பி வாழ்கிறவனுக்கு மூன்றாம் அரங்கு சோறு போடாது. சர்க்காரின் முறையில் அதற்கு விடை இல்லை என்றே நினைக்கிறேன். அவர் குழுவில் பலர் வேலை முடிந்து ஒத்திகைக்கு வந்தவர்கள். அவர் கட்டியது அவர்களுக்கான அரங்கு. பகலில் அமலாகவும் விமலாகவும் இருந்தவர்கள், சாயங்காலம் பூங்காவில் நின்று தங்கள் குரலில் பேசுவதற்கான இடம்.

‘ஏவம் இந்திரஜித்’தின் முடிவில் இந்திரஜித்தும், நான் நிர்மல்தான் என்று ஒத்துக்கொள்கிறான். இருந்தாலும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார் எழுத்தாளர். படிக்கும்போது அது வெறும் ஆறுதலாகத்தான் தோன்றும். 2011இல் இறக்கும்வரை சர்க்கார் நடந்த தூரத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இந்திரஜித்தை மட்டும் காப்பாற்ற அவர் முயலவில்லை. மற்ற மூவருக்கும் செய்ய ஒரு வேலை கொடுத்தார்.